பயறு செய்யாத குற்றம்

அக்டோபரில் முதல் உறைபனி விழுந்துவிட்டால் மனிதனுக்கு வேறு சாப்பாடு தொண்டையில் இறங்காது, தம்பி. சில்லிதான் வேண்டும். வெளியே அறுவடை இயந்திரங்கள் சோளக்காட்டைத் தின்றுகொண்டே போகும். காற்றில் காய்ந்த தட்டையின் தூசி மிதக்கும். வீட்டுக்குள் பெரிய பாத்திரத்தில் மாட்டிறைச்சியும் வெங்காயமும் தக்காளியும் மிளகாய்த்தூளும் சிறுநீரக வடிவச் சிவப்புப் பயறும் ஒன்றாகச் சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பக்கத்துத் தட்டில் இலவங்கப்பட்டை தூவிச் சுருட்டிச் சுட்ட இனிப்பு ரொட்டி. அதைப் பிய்த்துச் சில்லியில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். நெப்ராஸ்காவுக்கு வெளியே இதைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பேச்சைப் பதிகிற அந்தச் சின்னப் பெட்டி ஓடுகிறதா? ஓடட்டும். பெயரிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னீர்கள். ஆர்டித் ஹோம்க்விஸ்ட், வயது எழுபத்தாறு. உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று தொட்டிக்குப் பக்கத்தில் உங்களை ஏந்திக்கொண்டு நின்றவள். அன்றைக்கு நீங்கள் இந்த மாவட்டப் போலீஸுக்குத் தலைவரான ஷெரிஃப் இல்லை, ஒன்பது பவுண்டு இருந்தீர்கள். என்னை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நானே காரை எடுத்துக்கொண்டு வந்தேன். வருகிற வழியில் தபால் நிலையத்தில் நின்று தபால்தலையும் வாங்கிக்கொண்டேன்.

நம் தேவாலயத்தின் அறுவடை விருந்துக்கு முப்பத்தோரு வருடம் சில்லி சமைத்தவள் நான். அது உங்களுக்கும் தெரியும். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், கீழ்த்தளக் கூடத்தில். நான் டப்பாப் பயறு போட்டதில்லை. காய்ந்த பயற்றை வெள்ளிக்கிழமை ஊறப்போடுவேன். சனிக்கிழமை அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். பிறகு புதுத் தண்ணீர் ஊற்றி ஒரு காரியம் செய்வேன். அது என்ன என்பதற்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் கேட்கிற விஷயமே அதுதான்.

போன வருட வசந்தத்தில் புதுப் போதகர் வந்தார். அவருடன் மனைவி ஷெல்பியும் வந்தாள். டெக்ஸஸ்காரி. சிரித்தால் கூடமே சிரிக்கும். வந்த மூன்றாம் வாரத்திலேயே எல்லாப் பிள்ளைகளின் பெயரும் அவளுக்குத் தெரியும். நாய்களின் பெயர்கூடத் தெரியும். அவளை வெறுக்க இந்த ஊரில் ஒருவராலும் முடியாது. என்னாலும் முடியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததற்கு வெறுப்புக் காரணமில்லை.

அந்த வருட விருந்துக்கு அவளும் ஒரு பாத்திரம் சில்லி கொண்டுவந்தாள். அவர்கள் ஊர்ச் சில்லி. இறைச்சியைச் சதுரம் சதுரமாக வெட்டி, காய்ந்த மிளகாயை அரைத்து ஊற்றி, கருப்பாக, கெட்டியாக இருந்தது. பயறு ஒன்றுகூட இல்லை. அங்கே சில்லியில் பயறு போடுவது பெரிய அவமானமாம். நம் ஆட்கள் மரியாதைக்காக ஒரு கரண்டி வாங்கினார்கள். பிறகு இன்னொரு கரண்டி வாங்கினார்கள். என் பாத்திரம் பாதியில் நின்றது. அவள் பாத்திரத்தை ரொட்டியால் துடைத்தார்கள்.

என் வீட்டுக்காரர் டெல்மர் மூன்று கிண்ணம் சாப்பிட்டார். மூன்றாவதை முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி, மேசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஏ ஆர்டி, இத்தனை வருஷமா நாம பயற வச்சே வயித்த ரொப்பிக்கிட்டு இருந்திருக்கோம் போலிருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தேன்.

இந்த வருடம் ஆகஸ்டில் சபைக் குழுத் தலைவர் வெர்லின் எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே நின்றார். நல்ல செய்தி சொல்ல வருகிறவர்கள் தொப்பியைச் சுழற்றமாட்டார்கள்.

"நீங்க ரொம்ப உழைச்சிட்டீங்க ஆர்டித். இந்தத் தடவை ஷெல்பி பாத்துக்கறேன்னு சொல்லுது. நீங்க ராணி மாதிரி உக்காந்து சாப்பிடுங்க."

"சரி வெர்லின்" என்றேன். பிளம் கேக் வெட்டிக் கொடுத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டார். உட்கார்ந்து சாப்பிடு என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. முப்பத்தோரு வருடத்தில் நான் அந்தக் கூடத்தில் உட்கார்ந்ததே இல்லை. எந்த நாற்காலி ஆடும், எது ஆடாது என்றுகூட எனக்குத் தெரியாது.

செப்டம்பர் கடைசியில் ஷெல்பியே வந்தாள், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன். ஊரில் சில பெரியவர்கள் பயறு இல்லாமல் என்ன விருந்து என்று முனகுவது அவள் காதுக்குப் போயிருந்தது. மளிகைக்கடை மார்லிஸ் வழியாகத்தான் போயிருக்கும். மார்லிஸிடம் முனகியது யார் என்று கேட்காதீர்கள்.

"ஆர்டித்தம்மா, எங்க ஊர்ல சில்லியில பயறு போட்டா சொந்தக்காரங்க பேசறத நிறுத்திடுவாங்க. எங்கப்பா காதுக்கு மட்டும் இது போகக்கூடாது. ஆனா இந்த ஊருக்கு வாழ வந்துட்டேன். இந்த ஊர் மாதிரிதான் செய்யணும். நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணும்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். காபி ஊற்றினேன்.

"டப்பாவுல வர்றத வாங்கிக்கட்டுமா?" என்றாள்.

"தாராளமா வாங்கிக்கோ கண்ணு. ஒண்ணும் தப்பில்ல. கடையில மார்லிஸ்தான் கல்லாவுல இருப்பா. பார்த்தாலும் யாருகிட்டயும் சொல்லமாட்டா."

அவள் முகம் சிவந்தது. நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு, "காய்ஞ்ச பயறே வாங்கறேன்" என்றாள். தம்பி, இதைக் கவனியுங்கள். வாங்கிக்கோ என்றுதான் நான் சொன்னேன்.

ஊறவைப்பதைச் சொன்னேன். தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். அவளிடம் நான்கு மின்பானைகள் இருந்தன; பொத்தானை அழுத்திவிட்டுப் போனால் இளஞ்சூட்டில் மணிக்கணக்காகத் தானே வேகவைக்கும் பானைகள். எல்லாவற்றையும் அதில் கொட்டி, சனிக்கிழமை மூடிவைத்துவிட்டால் ஞாயிறு காலை தயாராகிவிடும் இல்லையா, தான் தூங்கிவிடலாமா என்று கேட்டாள். தூங்கினால் நல்லதுதானே என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

இப்போது விட்டுப்போன அந்தக் காரியத்துக்கு வருகிறேன். சிவப்புப் பயற்றுக்குள் ஒரு விஷம் உண்டு. புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டால் அது செத்துவிடும். கொதிக்காமல் இளஞ்சூட்டில் கிடந்தால் சாகாது; வேகவைக்காத பயற்றில் இருப்பதைவிட மோசமாகிவிடும். நாலைந்து பயறு தின்றாலே போதும், வயிற்றைப் புரட்டிப்போட்டுவிடும். என் காலத்துப் பெண்களுக்கு இது தெரியும். டப்பாவில் வாங்குகிற பெண்களுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. தொழிற்சாலையிலேயே கொதிக்கவைத்து அனுப்பிவிடுகிறார்கள். பயற்றையே தீண்டாத டெக்ஸஸ்காரிக்கு எப்படித் தெரியும்? போனில் தேடியிருக்கலாம். அவள் என்னை நம்பினாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். கல்யாணமான வருடம் நானே அந்தத் தவறைச் செய்தேன். டெல்மர் ஒரு நாள் முழுக்க வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். எழுந்ததும், "என்ன ஆர்டி, வேற யாரையாவது பாத்து வச்சிருக்கியா?" என்று சிரித்தார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. அதற்குப் பிறகு, பதினான்கு வருடம் மாவட்ட இல்லத்தரசிகள் சங்கத்தில் பயறு சமைப்பது பற்றி வருடாவருடம் பாடம் நடத்தியது யார் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். நான்தான். பத்து நிமிடம் என்று கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போடுவேன்.

ஆகவே அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. ஒரு வரியைச் சொல்லவில்லை. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என்ன நினைத்தேன் என்கிறீர்களா? ஒரு பிற்பகல் எல்லோருக்கும் வயிறு சரியில்லாமல் போகும், மறுநாள் எழுந்துவிடுவார்கள், பயறு என்பது பழகியவர் கை படவேண்டிய பொருள் என்று சபைக்குப் புரியும் என்று நினைத்தேன். அவளுக்கும் அது ஒரு பாடமாக இருக்கும். நான் பாடம் நடத்திப் பழகியவள்.

விருந்து உங்களுக்கே தெரியும். நீங்களும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டீர்கள். அறுபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். டெக்ஸஸ் இறைச்சியும் நெப்ராஸ்காப் பயறும் ஒரே பானையில் சேர்ந்துவிட்டதே என்று வெர்லின் சின்னப் பிரசங்கமே செய்தார். ஷெல்பி என்னைக் கை பிடித்து முன்னால் இழுத்து, "இதெல்லாம் ஆர்டித்தம்மா கைப்பக்குவம். நான் சும்மா பொத்தானை அழுத்தினேன்" என்றாள். கை தட்டினார்கள். அவள் எவ்வளவு தாராளமான பெண் பாருங்கள். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் எல்லோர் கிண்ணமும் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. காபி ஊற்றிக்கொண்டு சுற்றினேன். பரிமாறுகிறவள் கடைசியில்தான் சாப்பிடுவாள். அது எங்கள் வழக்கம்.

ஒன்றரை மணிக்கு முதலில் எழுந்தவர் வெர்லின். அடுத்த அரைமணியில் முப்பத்தேழு பேர். நம் கட்டடத்தில் இருப்பது இரண்டு கழிப்பறை. மூன்றாவது கட்டலாமா என்று கட்டடக் குழு முப்பத்தாறு வருடமாகப் பரிசீலித்து வருகிறது. ஆனால் நம் ஜனங்களைப் பற்றி நான் பெருமையாகச் சொல்வேன், ஒருவர்கூட முண்டியடிக்கவில்லை. வரிசையில் நின்றார்கள். "நீங்க முதல்ல போங்க." "இல்லல்ல, உங்களுக்குத்தான் அவசரம் போலத் தெரியுது, போங்க." "பரவால்ல, நான் சமாளிச்சுக்கறேன்." சமாளிக்க முடியாதவர்கள் வெளியே சோளக்காட்டுக்கு நடந்தார்கள். உங்கள் தொப்பி என்ன ஆனது என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கமாட்டேன். சில்லியைப் பற்றி ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. ஒரு பெண்மணி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, செய்முறை கிடைக்குமா என்று ஷெல்பியிடம் கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

சாயங்காலத்துக்குள் பெரும்பாலானவர்கள் எழுந்துவிட்டார்கள், நான் நினைத்தபடி. டெல்மர் எழவில்லை.

டெல்மருக்கு எழுபத்தொன்பது வயது. இரண்டு வருடமாக இதயத்துக்காக நீர் இறக்கும் மாத்திரை. உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டால் சிறுநீரகம் தாங்காது என்று மருத்துவர் என்னிடம்தான் சொன்னார். டெல்மர் அப்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. அந்த மாத்திரையைத் தினம் காலையில் அவர் உள்ளங்கையில் வைக்கிறவள் நான். அன்று காலையிலும் வைத்தேன்.

முதல் கிண்ணத்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம். முதல் கிண்ணம் முடிந்ததும் அவர் என்னைத்தான் பார்த்தார். நான் காபிக் கூஜாவுடன் எதிரே நின்றேன்.

"இன்னொண்ணு வாங்கிக்கட்டுமா ஆர்டி? கோவிச்சுக்க மாட்டியே?" என்றார்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"பொய் சொல்ல மாட்டேன். பிரமாதமா இருக்கு."

"அப்ப வாங்கிக்குங்க" என்றேன்.

ஐம்பத்துமூன்று வருடத்தில் சாப்பாட்டு விஷயத்தில் நான் அவரைத் தடுத்ததே கிடையாது. மூன்றாவது கிண்ணத்துக்கும் தடுக்கவில்லை. புதன்கிழமை மருத்துவமனையில் போய்விட்டார். கடைசிவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். நான் தினமும் அவரை நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு ஷெல்பி எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாள். தன் அறியாமையால் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டதாகச் சொன்னாள். அவளால் முடிக்க முடியவில்லை. நான் முதல் வரிசையிலிருந்து எழுந்து போனேன். அவளைக் கட்டிக்கொண்டேன். "நான் உன்னை மன்னிச்சிட்டேன் கண்ணு. இனிமே இதப் பத்திப் பேசக்கூடாது" என்றேன். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அந்தக் கூடத்தில் அழாதவர் யாருமில்லை. மன்னிப்பு என்றால் இதுதான் என்று போதகர் சொன்னார். மனப்பூர்வமாகவே மன்னித்தேன், தம்பி. அதில் கலப்படமில்லை.

அப்படியென்றால் இப்போது ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

போன செவ்வாய்க்கிழமை சபைக் குழு கூடியது. சுகாதாரத் துறையின் அறிக்கையை வெர்லின் வாசித்தார். சிவப்புப் பயற்றில் இயல்பாகவே உள்ள நச்சுப்பொருள் என்று எழுதியிருக்கிறார்கள். போதுமான வெப்பம் இல்லாமல் போனதைப் பற்றி மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. வெர்லின் இரண்டாம் பக்கத்தோடு மூடிவிட்டார். இனி நம் தேவாலய விருந்தில் பயறு போட்ட சில்லி எந்நாளும் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

"டெல்மர் நினைவா இருக்கும்" என்றார்.

மார்லிஸ் வழிமொழிந்தாள். "கடையில பயறு இருக்கிற அலமாரிப் பக்கமே நான் போறதில்ல. ஷெல்பி அவ ஊர் மாதிரியே செய்யட்டும். அதுல ஒரு ஆபத்தும் இல்ல."

"என்னால அந்தக் கூடத்துல இனி கரண்டி பிடிக்க முடியாது" என்றாள் ஷெல்பி, தலையைக் குனிந்துகொண்டு.

"அப்படிச் சொல்லாத தாயி" என்று எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பிறகு வெர்லின் என் பக்கம் திரும்பி, "ஆர்டித்தும் அதத்தான் விரும்புவாங்க" என்றார். ஒன்பது கை உயர்ந்தது. என் கை உயரவில்லை. துக்கத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த அக்டோபரில் இந்த ஊர் பயறு இல்லாத சில்லி சாப்பிடும். அதற்கடுத்த அக்டோபரிலும் சாப்பிடும். பிள்ளைகள் அதுதான் நம் ஊர்ச் சில்லி என்று நினைத்துக்கொண்டு வளரும். நாலு நாளாக எனக்குத் தூக்கமில்லை. டெல்மர் போனபோதுகூட நான் தூங்கினேன்.

அதனால்தான் நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். அன்று ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஷெல்பி போன் செய்தாள்.

"ஆர்டித்தம்மா, பயறு இன்னும் நறுக்குனு இருக்கு. எனக்கு என்னமோ மனசு ஒப்பல. பெரிய பாத்திரத்துக்கு மாத்தி, அடுப்புல நல்லா ஒரு கொதி விட்டுடட்டுமா? நேரமிருக்கு."

நேரமிருந்தது. ஐந்து மணிநேரம் இருந்தது. இரும்பு அடுப்பும் பாத்திரமும் தேவாலயத்திலேயே இருந்தன. என் பக்கத்தில் டெல்மர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"வேணாம் கண்ணு" என்றேன். "கொதிச்சா தோலு உரிஞ்சு கூழாயிடும். எங்க ஆளுங்களுக்குப் பல்லுல கடிபடணும். அப்படியே எடுத்துட்டு வா."

"நல்லவேளை, உங்ககிட்ட கேட்டேன்" என்றாள்.

யாரென்று டெல்மர் கேட்டார். ஷெல்பிதான், பயறு நன்றாக வந்திருக்கிறதாம் என்றேன். சில்லி வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டும், சீக்கிரம் கிளம்பு என்றார்.

உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும், தம்பி. அந்தப் பெண்ணே அதைக் கொதிக்கவைக்கத்தான் பார்த்தாள். பத்து நிமிடம் கொடுத்திருந்தால் பயறு யாரையும் ஒன்றும் செய்திருக்காது. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. எல்லாம் தெரிந்து, வேண்டாம் என்று சொன்னவள் நான். முப்பத்தேழு பேருக்கும் நான்தான், டெல்மருக்கும் நான்தான். இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் டைப் அடிக்கச் சொல்லுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? போடுகிறேன். ஒரே ஒரு உதவி. சபைக் குழு மறுபடியும் வருகிற செவ்வாய்க்கிழமை கூடுகிறது. அதற்குள் இதன் பிரதி ஒன்று வெர்லின் கையில் போய்ச் சேர்ந்துவிட்டால் தீர்மானத்தைத் திரும்பப் பெற அவகாசம் இருக்கும்.